டொனால்ட் சாடோவே: புகையில்லா எஃகைத் தேடிய பேராசிரியர்

டொனால்ட் சாடோவே (பிறப்பு: 1950) கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்த பொருளறிவியல் பேராசிரியர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றியவர். கரியமில வாயு வெளியேறாமல் உலோகம் பிரித்தெடுப்பதும், சூரிய மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் மலிவாகச் சேமிப்பதும் இவருடைய ஆய்வின் இரு கிளைகள். இரண்டுக்கும் வேர் ஒன்றே: மின்வேதியியல்.

கல்வியும் ஆசிரியப் பணியும்

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1977-இல் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு எம்.ஐ.டி.யில் ஆசிரியரானார். முதலாண்டு மாணவர்களுக்கு இவர் நடத்திய திடநிலை வேதியியல் வகுப்பு புகழ்பெற்றது. அதன் காணொளிகள் இணையத்தில் இலவசமாக வெளியாயின. அவற்றைப் பார்த்தவர்களுள் ஒருவர் பில் கேட்ஸ். பின்னாளில் சாடோவேயின் மின்கல நிறுவனத்தில் அவர் முதலீடு செய்ய, அந்த வகுப்பே அறிமுகமாக அமைந்தது.

எஃகும் கரியும்

இரும்புத்தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடு. ஊதுலையில் இடப்படும் கற்கரி, அந்த ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு இரும்பை விடுவிக்கிறது. முடிவில் கரியமில வாயு வெளியேறுகிறது. இம்முறையில் ஒரு டன் எஃகு செய்தால் ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு உண்டாகும். அதாவது, புகை இங்கே கவனக்குறைவால் வருவதன்று, வேதிவினையிலேயே இருக்கிறது. கரியை விலக்காமல் புகையை விலக்க முடியாது.

கரியின் வேலையை மின்சாரத்திடம் ஒப்படைப்பதே சாடோவேயின் வழி. உருகிய ஆக்சைடுக் குழம்பில் தாதுவைக் கரைத்து, சுமார் 1,600 பாகை செல்சியசில் மின்சாரம் பாய்ச்சினால், இரும்பு அடியில் திரளும். ஆக்சிஜன் மேலே குமிழியாக வெளியேறும். நிலவின் மண்ணிலிருந்து ஆக்சிஜன் பெறுவதற்காக அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்குச் செய்த ஆய்வும் இம்முறைக்குத் துணை நின்றது.

தடையாக நின்றது நேர்மின்வாய். கரியால் செய்தால் எரிந்து மீண்டும் கரியமில வாயுவாகும். இரிடியம் தாங்கும், ஆனால் எஃகு ஆலைக்குக் கட்டுப்படியாகாத விலை. 2013-இல் அன்டோயின் அலனோர் முதலானோருடன் சேர்ந்து, குரோமியம்-இரும்புக் கலப்புலோகம் போதும் என்று 'நேச்சர்' இதழில் காட்டினார். அதன்மேல் தானாக உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் மின்சாரத்தையும் கடத்துகிறது, உலோகத்தையும் காக்கிறது. இந்த ஆய்விலிருந்து பிறந்த பாஸ்டன் மெட்டல் நிறுவனம், 2025-இல் தன் தொழிற்சாலை அளவிலான கலத்தில் ஒரு டன்னுக்கு மேல் உலோகம் எடுத்ததாக அறிவித்தது.

திரவ உலோக மின்கலம்

1886-இல் கண்டறியப்பட்ட ஹால்-ஹெரூல்ட் முறையில்தான் இன்றும் அலுமினியம் தயாராகிறது. பெருமளவு மின்சாரத்தை உட்கொள்ளும் அந்த உலையையே, மின்சாரத்தைத் திருப்பித் தரும் மின்கலமாக மாற்ற முடியாதா என்று சாடோவே எண்ணினார். மேலே இலேசான உலோகம், நடுவே உருகிய உப்பு, அடியில் கனமான உலோகம். மூன்றும் அடர்த்தி வேறுபாட்டால் தாமே அடுக்காக நிற்கும். முதலில் மக்னீசியமும் ஆன்டிமனியும் கொண்டு செய்து பார்த்தனர். 2010-இல் மாணவர் டேவிட் பிராட்வெல் முதலானோருடன் தொடங்கிய நிறுவனம் பின்னர் ஆம்ப்ரி எனப் பெயர் பெற்றது. கேம்பிரிட்ஜ் என்னும் ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துகளில் நடுப்பகுதியே அப்பெயர்.

2012-இல் 'டைம்' இதழ் செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியலில் இவரைச் சேர்த்தது. 2022-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது. ஆயினும் ஆய்வகம் வேறு, சந்தை வேறு. நிதி கிடைக்காமல் ஆம்ப்ரி 2024 மே மாதம் திவால் மனு அளித்தது. இதற்கிடையே, 2022-இல் அலுமினியம்-கந்தக மின்கலத்தை இவருடைய குழு வெளியிட்டிருந்தது. மலிவான மின்கலம் வேண்டுமெனில் மண்ணில் மலிந்து கிடைப்பதைக் கொண்டே செய்ய வேண்டும் என்பது இவருடைய கொள்கை.

மதிப்பீடு

மின்பகுப்பு முறையில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 4,000 யூனிட் மின்சாரம் தேவை என்கிறது பாஸ்டன் மெட்டல். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், புகை எஃகு ஆலையிலிருந்து மின் நிலையத்துக்கு இடம் மாறுமே தவிர மறையாது. காற்றும் வெயிலும் தரும் மின்சாரமோ இரவு பகலாக ஓடும் உலைக்குச் சேமிப்பின்றிப் போதாது. தூய எஃகும் மலிவான மின்கலமும் ஒன்றையொன்று சார்ந்தவை. சாடோவே இரண்டையும் ஒருசேரத் தேடியதன் பொருள் இதுவே.