ஏடும் நோட்டும்: தென்காசி – குற்றாலம் வட்டாரத்தில் எழுதுபரப்பும் மையும்

ஆய்வுச் சுருக்கம்

ஓலையிலிருந்து காகிதத்திற்கும், எழுத்தாணியிலிருந்து மைப்பேனாவிற்கும் தமிழர் மாறியதை எளிமை நோக்கிய வளர்ச்சியாகக் கூறுவது வழக்கம். இம்மாற்றத்தை எழுத்தின் நிலைபேறு என்னும் கோணத்தில் இக்கட்டுரை ஆராய்கிறது. தென்காசி – குற்றாலம் வட்டாரத்தின் எழுத்து வரலாறும் ஈரக் காற்றும் ஆய்வுக் களமாகின்றன. ஓலையில் எழுத்து கீறலாக இருந்தது. காகிதத்தில் அது மையின் கறையாக மாறியது. அதனால் இருபதாம் நூற்றாண்டின் கையெழுத்து நோட்டுகளும் கடிதங்களும் அவற்றிற்கு முந்திய ஏடுகளைவிட எளிதில் அழியக்கூடியனவாக உள்ளன என்பது இக்கட்டுரையின் முடிவு.

குறிச்சொற்கள்: ஓலைச்சுவடி, எழுத்தாணி, மை, நோட்டு, நாட்குறிப்பு, தென்காசி, குற்றாலம், ரசிகமணி.

முன்னுரை

எழுதப் புகுவோர் எழுதுபொருளைத் தேர்ந்தெடுப்பது இன்று பொழுதுபோக்காகவும் வளர்ந்துள்ளது. எந்தத் தாளில் மை பரவாது, எந்த மை மறுபக்கம் ஊறாது, எந்தப் பேனா தடையின்றி ஓடும் என்று சோதிப்போர் பலர். இது மேலை நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று தோன்றலாம். ஆயினும் ஓலையின் பதம், எழுத்தாணியின் கூர்மை, மையின் பற்று ஆகியவற்றைத் தேர்ந்தறியும் அறிவு தமிழ் எழுத்து மரபில் நெடுங்காலமாக இருந்துவந்தது. அவ்வறிவு எதை நோக்கியது, அது மறைந்தபோது இழந்தது யாது என்பனவே இங்கு எழும் வினாக்கள்.

இவ்வினாக்களை ஆராயத் தென்காசி வட்டாரம் பொருத்தமானது. கல்வெட்டு, நிலக்கொடை, ஓலைச்சுவடி, கடித இலக்கியம் ஆகிய நான்கிற்கும் இங்குச் சான்றுகள் உள்ளன. மேலும், செங்கோட்டைக் கணவாய் வழியே புகும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி முதல் ஆவணி வரை இப்பகுதியைச் சாரலில் நனைக்கிறது. நெல்லைச் சீமையின் பிற பகுதிகள் வறண்டு கிடக்கும் மாதங்களில் இங்குக் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். காகிதத்திற்கும் மைக்கும் இது கடுமையான சோதனைக் காலம்.

கல், செம்பு, ஓலை

தென்காசி காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பியவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். திருப்பணி 1446இல் தொடங்கியது. இக்கோயிலைப் பிற்காலத்தில் காப்பவர்களைத் தான் வணங்குவதாக அவன் பாடலாகவே கல்லில் பொறித்து வைத்தான். தனக்குப் பின்வரும் தலைமுறைகளோடு பேச விரும்பியவன் அதற்குக் கல்லைத் தேர்ந்தான்.

குற்றாலக் குறவஞ்சியின் ஆசிரியர் திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்தவர். மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் காலத்தில் அவர் பெற்ற நிலம் குறவஞ்சிமேடு என வழங்கியது. இத்தகைய கொடைகளைப் பதிவு செய்யச் செப்பேடு பயன்பட்டது. உரிமை வழக்கில் காட்டவேண்டிய ஆவணம் தீயிலும் நீரிலும் எளிதில் அழியாததாக இருக்கவேண்டும் என்பதே இதன் காரணம்.

இலக்கியத்திற்கு அமைந்தது ஓலை. நைடதமும் காசி காண்டமும் பாடிய அதிவீரராம பாண்டியர் தென்காசியிலிருந்து ஆண்டவர். மன்னரே ஆயினும் அவருடைய காப்பியங்கள் ஓலையிலேயே வாழ்ந்தன. கல்லிற்கு இடம் போதாது; செம்பிற்குப் பொருள் போதாது. எழுத்து எத்தனைக் காலம் நிற்கவேண்டும், எத்தனைப் பேரிடம் செல்லவேண்டும் என்னும் இரு அளவுகளாலேயே எழுதுபரப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது.

கீறலும் மையும்

ஓலை இயற்கையாகக் கிடைத்தாலும் அப்படியே எழுத உதவுவதில்லை. முற்றாத பனையோலையைத் தேர்ந்து, நரம்பை நீக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்துப் பதப்படுத்தவேண்டும். பின்னர் ஒரே அளவாக வாரித் துளையிட்டுக் கயிறு கோப்பர். பதம் குறைந்தால் ஓலை சுருளும். மிகுந்தால் எழுத்தாணி பட்டதும் பிளக்கும்.

எழுத்தாணியிலும் வகைகள் இருந்தன. குண்டெழுத்தாணி குட்டையானது, தலைப்பகுதி கனத்தது. வாரெழுத்தாணி நீண்டது, ஓலையை வாரும் கத்தியும் அதனோடு சேர்ந்திருக்கும். மடக்கெழுத்தாணியைக் கைப்பிடிக்குள் மடக்கி வைக்கலாம். தமக்கேற்ற எழுத்தாணியை ஒவ்வொருவரும் தேர்ந்துகொண்டனர்.

எழுத்தின் வடிவையும் ஓலை கட்டுப்படுத்தியது. புள்ளி அழுத்தமாக விழுந்தால் ஓலை துளைபடும். ஆதலால் சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதப்பட்டன. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டையும் படிப்பவரே உணரவேண்டியிருந்தது. இவ்வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கியவர் எனப் போற்றப்படும் வீரமாமுனிவரின் (1680–1747) சீர்திருத்தம் அச்சிலும் காகிதத்திலும்தான் முழுமையாக நிலைபெற்றது.

கீறிய எழுத்து நன்கு புலப்படுவதற்காகவே ஓலையில் மை தடவினர். மாவிலைக்கரி, ஊமத்தையிலைச் சாறு, மஞ்சள், வசம்பு முதலியன இதற்குப் பயன்பட்டன. கரி கீறலுள் தங்கி எழுத்தைக் கருமையாகக் காட்டும். ஏனைய பொருள்கள் பூச்சியைத் தடுக்கும். இங்கு ஒன்றைக் கருதவேண்டும். இந்த மை நீங்கினாலும் எழுத்து நீங்குவதில்லை. நீரில் நனைந்து கரி கழுவப்பட்ட ஏட்டில் மீண்டும் மை தடவினால் எழுத்து மீளும். ஓலை மரபில் மை எழுத்தைக் காட்டும் துணைப்பொருள் மட்டுமே.

படியெடுத்தலும் இழப்பும்

ஓலைக்கும் முதுமை உண்டு. சில நூற்றாண்டுகளில் அது முறியும். இராமபாணப் பூச்சியும் செல்லும் அரிக்கும். ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதும் வழக்கம் இருந்தது. இன்று நம்மிடம் உள்ள பழைய இலக்கியங்களின் சுவடிகள் பலமுறை படியெடுக்கப்பட்டவை. நூலின் உயிர் ஒரு பரப்பின் உறுதியை மட்டும் நம்பியிருக்கவில்லை. படியெடுப்போரின் தொடர்ச்சியையும் நம்பியிருந்தது.

அத்தொடர்ச்சி அறுந்தபோது நேர்ந்ததற்கு இவ்வட்டாரமே சான்று. இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த கரிவலம்வந்தநல்லூருக்குச் சுவடி தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையர் (1855–1942), அங்கிருந்த பழஞ்சுவடிகள் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டதை அறிந்து நொந்த செய்தி ‘என் சரித்திர’த்தில் உள்ளது. ஆடிப் பதினெட்டில் ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கத்தையும் அவர் வருந்திக் குறிப்பிட்டுள்ளார். இச்செயல்களின் அடிப்படை வெறுப்பன்று. பழுதுற்ற புனிதப் பொருளை முறைப்படி நீக்கும் சடங்காகவே அவை செய்யப்பட்டன. முன்னைய காலத்தில் படியெடுத்த பின்னர் பழையதை நீக்கினர். பின்னைய காலத்தில் படியெடுத்தல் நின்றது, நீக்கல் மட்டும் தொடர்ந்தது. அழிந்தவை எழுதுபரப்பின் குறையால் அழியவில்லை என்பது இதனால் தெளிவு.

காகிதமும் பேனாவும்

காகிதம், பேனா என்னும் இரு சொற்களும் அயலிலிருந்து வந்தவை. முன்னது பாரசீக வழியது. பின்னது போர்த்துகீசியச் சொல். ஆயினும் ஏடு என்னும் சொல் மறையவில்லை. பேரேடு, பதிவேடு, குறிப்பேடு, நாளேடு, கையேடு எனக் காகிதத்தின் மீதும் அது தொடர்ந்தது. சொல் தொடர்ந்ததால் பொருளும் தொடர்ந்ததாகத் தோன்றுகிறது. உண்மையில் எழுத்தின் இயல்பே மாறியது. காகிதத்தில் கீறல் இல்லை. மை போனால் எழுத்தும் போய்விடும்.

கையால் எழுதப் பயன்பட்ட மைகளை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது கரி மை. விளக்குப்புகைக் கரியும் பிசினும் சேர்ந்தது. ஒளியால் அது வெளிறாது. ஆனால் பிசின் கரைந்தால் நீரில் கலையும். இரண்டாவது இரும்பு மை. கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் அன்னபேதியும் சேர்ந்தது. எழுதும்போது வெளிறித் தோன்றி, காற்றுப்பட்டுக் கருக்கும். நீரைத் தாங்கும், ஆனால் அதன் அமிலம் நாளடைவில் தாளையே அரிக்கும். மூன்றாவது சாய மை. 1856இல் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்த பின்னர் பெருகிய இவ்வகை, பேனாவின் நுண்ணிய துளையை அடைப்பதில்லை. ஆடையில் பட்டால் கழுவிவிடலாம். ஆனால் எளிதில் கழுவக்கூடியது என்னும் அதே பண்பால் எழுத்தும் நீரில் கரையும், வெயிலில் வெளிறும்.

வாட்டர்மன் 1884இல் காப்புரிமை பெற்ற பேனாவுக்குப் பின் மைப்பேனா உலகெங்கும் பரவியது. இந்தியாவில் சுதேசி உணர்வு மையையும் பேனாவையும் தொட்டது. 1931இல் பம்பாயில் கேம்லின் நிறுவனம் மைத்தூளோடு தொடங்கியது. அதையொட்டிய ஆண்டுகளில் ராஜமகேந்திரவரத்தில் ரத்னம் பேனாவும் வங்காளத்தில் சுலேகா மையும் தோன்றின. மைத்தூளை நீரில் கரைத்து மைக்கூட்டில் ஊற்றி எழுதியது நம் பள்ளிகளின் பொது அனுபவம். அக்காலத்தில் மையைத் தேர்ந்தோர் விலையையும் ஓட்டத்தையும் நிறத்தையும் பார்த்தனர். எழுத்து எத்தனைக் காலம் நிற்கும் என்னும் பழைய வினா பின்னுக்குச் சென்றது.

தாளும் மாறியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் மரக்கூழும், படிகாரமும் குங்கிலியமும் சேர்ந்த பசையூட்டலும் தாள் உற்பத்தியில் பரவின. மை பரவாமல் தடுத்த இந்தப் பசையூட்டலே தாளில் அமிலத்தை உண்டாக்கி, அதைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்தது. எழுதும் நாளில் சிறப்பாகத் தோன்றிய தன்மை, காக்கும் காலத்தில் குறையாக முடிந்தது.

குற்றாலத்துக் கடிதங்கள்

இம்மாற்றத்தின் விளைவை விளக்க ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரை எடுத்துக்கொள்ளலாம். திருநெல்வேலியில் வட்டத்தொட்டியை நடத்திய அவர், பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்தார். இராஜாஜி, கல்கி உள்ளிட்ட பலர் அவரைத் தேடிக் குற்றாலம் வந்தனர். அவருடைய இரசனையின் பெரும்பகுதி பேச்சில் வெளிப்பட்டது. பேச்சிற்கு அடுத்த நிலையில் கடிதங்களில் வெளிப்பட்டது.

கடிதம் எழுதியவரிடம் தங்குவதில்லை, பெற்றவரிடமே தங்கும். அவருடைய கடிதங்கள் பின்னர் நூலாக வெளிவந்தன எனில், அவற்றைப் பெற்றவர்கள் பேணியதும் தொகுத்தவர்கள் படியெடுத்ததும் காரணமாகும். ஓலை மரபில் ஏடெழுதுவோர் செய்த பணி இங்கு அச்சின் வழி நிகழ்ந்தது. அச்சேறும் பேறு பெறாத கடிதங்கள், பள்ளி ஆசிரியர்களின் பாடக்குறிப்புகள், சிற்றூர்ப் புலவர்களின் பாட்டு நோட்டுகள், மருத்துவர்களின் கைமுறைக் குறிப்புகள் ஆகியன அந்தந்த மையின் வலிமையை மட்டுமே நம்பியுள்ளன. சாரல் காலத்தில் ஓடு ஒழுகும் ஒரு வீட்டில் ஓரிரவு நனைந்தால் சாய மையில் எழுதிய நோட்டு வெறும் நீலக் கறையாகும்.

நாட்காட்டியும் நாட்குறிப்பும்

நாளைத் திட்டமிடும் பதிவிற்கும் தமிழில் நீண்ட மரபு உண்டு. பஞ்சாங்கம் நல்ல நேரத்தையும் திதியையும் காட்டியது. அச்சுத்தொழில் செழித்த சிவகாசியிலிருந்து வரும் தினசரித் தாள் நாட்காட்டி, பஞ்சாங்கத்தை நாளுக்கொரு தாளாகப் பிரித்தது. அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரிகளை அங்கு ஆடிப் பதினெட்டில் வெளியிடுவது வழக்கம். ஏடுகளை ஆற்றில் விட்ட அதே நாள், இன்று கிழித்தெறியவென்றே அச்சிடும் தாள்களின் தொடக்க நாளாக உள்ளது.

நாட்குறிப்பேடு இதற்கு மாறானது. கிழிப்பதற்கன்றி எழுதுவதற்கு உரியது. வங்கியும் கடையும் அன்பளிப்பாகத் தந்த நாட்குறிப்பேடுகளில் வீட்டுக்கணக்கும் கோலமும் பாட்டும் மருந்துக் குறிப்பும் எழுதப்பட்டன. அச்சிட்ட தேதிக்கும் எழுதிய நாளுக்கும் தொடர்பின்றியே இருக்கலாம். பெண்களின் எழுத்து மிகுதியாகக் காணக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்று. ஆகவே, பழைய ஆண்டின் நாட்குறிப்பேடு என்று ஒதுக்குவது சமூக வரலாற்றின் மூலத்தை ஒதுக்குவதாகும்.

முடிவுரை

ஓலையில் எழுத்தும் மையும் வேறு வேறு. காகிதத்தில் இரண்டும் ஒன்று. ஓலை மரபில் பரப்பின் தேர்வும் படியெடுத்தலும் ஒன்றையொன்று தாங்கின. நோட்டு மரபில் இரண்டும் தளர்ந்தன. இதனால் அதிவீரராம பாண்டியரின் காப்பியம் நமக்குக் கிடைக்க, நம் பாட்டியின் நோட்டு கிடைக்காமல் போகக்கூடும்.

2003இல் தொடங்கிய தேசிய சுவடிகள் இயக்கம், குறைந்தது 75 ஆண்டு பழமையும் வரலாற்று மதிப்பும் கொண்ட கையெழுத்துப் படிகளைச் சுவடி என வரையறுத்தது. ஓலை, காகிதம் என்னும் வேறுபாடு அதில் இல்லை. இதன்படி 1950இல் எழுதப்பட்ட நோட்டு 2025இல் சுவடியின் வயதை எட்டுகிறது. சுவடிக் காப்பு என்றதும் ஓலையை மட்டும் எண்ணும் வழக்கம் இனிப் பொருந்தாது. மைப்பேனாவால் எழுதப்பட்ட நோட்டுகளை ஈரமும் வெயிலும் படாமல் வைத்து விரைந்து படம் எடுத்துக்கொள்வது, பழைய படியெடுத்தலின் இன்றைய வடிவம்.

புதிதாக எழுதுவோருக்கும் இதில் செய்தி உண்டு. ஒரே வரியை மூன்று மைகளில் எழுதி, ஒருநாள் உலரவிட்டு, ஒரு பகுதியில் நீர் தெளித்து, மற்றொரு பகுதியைச் சில வாரம் வெயிலில் வைத்துப் பார்த்தால் எந்த மை நிற்கும் என்பது புலப்படும். அன்றாடப் பட்டியலுக்குச் சாய மை போதும். பேரப்பிள்ளைகள் படிக்கவேண்டியதற்கு அது போதாது. எதற்கு எந்தப் பரப்பு, எந்த மை என்று தேர்ந்த பழைய அறிவை மீட்பது, தென்காசிக் கோயில் கல்லில் பராக்கிரம பாண்டியன் பின்வருவோரிடம் வேண்டிய காப்புப் பணியின் ஒரு பகுதியே ஆகும்.