பெயர் ஏறினால்தான் வீடு



என் தந்தையார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்து வீடு தோட்ட நிருவாகத்திற்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். எனவே ஓய்வு பெறுமுன் வெளியே சிறு நிலம் ஒன்றை வாங்கினார். விற்றவர் முத்திரைத்தாளில் கையொப்பமிட்டார், இருவர் சாட்சி. பலகை வீடும் எழுந்தது. பதினோராம் ஆண்டில் வழக்கறிஞர் கடிதம் வந்தது. விற்றவர் இறந்தபின் அவருடைய வாரிசுகள் அதே நிலத்தை வேறொருவருக்கு விற்றுப் பெயரையும் மாற்றிவிட்டனர். தந்தையார் தம் தாளை நீட்டினார். நில அலுவலக எழுத்தர் பதிவேட்டைக் காட்டினார். அதில் தந்தையார் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை.

ஏன் இப்படி? விடை வரலாற்றில் உள்ளது.

1858ஆம் ஆண்டு தென் ஆஸ்திரேலியாவில் இராபர்ட் டோரன்ஸ் என்பார் புதிய நிலச்சட்டம் ஒன்றைக் கொணர்ந்தார். அதற்குமுன் நிலம் வாங்குபவர் பழைய பத்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகத் துருவிப் பார்க்க வேண்டும். டோரன்ஸ் முறையிலோ அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். 1880களில் வில்லியம் மேக்ஸ்வெல் இம்முறையை மலாயாவிற்கு வலியுறுத்தினார். மலாய் மாநிலங்கள் இதனை ஏற்றன. பினாங்கிலும் மலாக்காவிலும் ஆங்கிலேயரின் பத்திரமுறை நீடித்தது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச்சட்டம் 1.1.1966இல் நடப்புக்கு வந்தபின் தீபகற்பம் முழுமைக்கும் ஒரே முறையாயிற்று.

இதே காலக்கட்டத்தில்தான் நம்மவர் தோட்டத் துண்டாடலால் தவித்தனர். ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, அவை கூறு போடப்பட்டன. வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அதற்கு மாற்றாக 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் தோட்டங்களை வாங்கிற்று. வாயுறுதிக்கு மதிப்பில்லை, பதிவுக்கே மதிப்பு என்பதை அச்சங்கம் செயலில் காட்டியது.

ஆகவே வீடு வாங்குவோர் நான்கு படிகளை மறவாதீர்.

முதலாவது, நில அலுவலகத்தில் ‘சாரியான்’ எனும் அதிகாரப்பூர்வத் தேடல். உரிமையாளர் பெயர், குத்தகைக் காலம், வங்கி அடைமானம், கேவியட் தடை ஆகியன அதில் தெரியும்.

இரண்டாவது, வழக்கறிஞர் வழி விற்பனை ஒப்பந்தம். வழக்கமாக 10 விழுக்காடு முன்பணம். மேம்பாட்டாளரிடம் புதுவீடு வாங்கினால், 1966ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட ஒப்பந்தப் படிவமே செல்லும்.

மூன்றாவது, வாங்குபவர் சார்பில் கேவியட். பெயர் மாறும்வரை நிலம் பிறர் கைக்குப் போகாமல் காக்கும் வேலி இது.

நான்காவது, முத்திரை வரி செலுத்தி, 14ஏ பாரத்தைப் பதிந்து, கிராண்டில் பெயர் ஏற்றுதல். வங்கிக் கடன் இருந்தால் 16ஏ பாரமும் உடன் பதியப்படும்.

பதிவேடும் பிழையற்றதன்று. பினாங்கில் ஆள்மாறாட்டம் செய்து விற்கப்பட்ட நிலம் வாங்கியவருக்கே உரியது என்று 2000இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்ட விளக்கம் தவறென்று அதே நீதிமன்றம் 2010இல் வேறொரு வழக்கில் திருத்தியது. கிராண்டைப் பத்திரமாக வைத்திருப்பதோடு, அவ்வப்போது தேடல் செய்து பார்ப்பதும் நலம்.

என் தந்தையார் கேவியட் ஒன்றை இட்டிருந்தால் அந்த இரண்டாம் விற்பனை நில அலுவலகத்தின் வாசலிலேயே நின்றிருக்கக்கூடும். அவருக்குச் சொல்ல ஆளில்லை. பலகைகளைப் பிரித்து லாரியில் ஏற்றிய அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. மடித்த முத்திரைத்தாள் மட்டும் சட்டைப்பையில் இருந்தது.

நம் மாணவருக்கு வாசிக்கக் கற்றுத் தருகிறோம். கையொப்பமிடுமுன் வாசிக்கவும் கற்றுத் தருவோம்.