சிலையும் போட்டோவும்: செத்த காலேஜிலிருந்து புஷ்பமாலா வரை

எங்கள் தலைமுறையில் மெட்ராஸுக்குப் போனால் இரண்டு 'காலேஜ்' பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டோம். விலங்குகள் இருந்தது உயிர் காலேஜ். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். உயிர் காலேஜ் 1985-இல் நம் மறைமலை நகருக்குப் பக்கத்திலேயே, வண்டலூருக்கு வந்துவிட்டது. செத்த காலேஜ் அங்கேயேதான் இருக்கிறது. இன்று நான் சொல்லவரும் ஒரு பெண் சிற்பியின் கதைக்கு முன்கதை அந்த மியூசியத்தில் இருக்கிறது.

1850-களில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் மெட்ராஸ் ராஜதானியின் அரசு போட்டோகிராபராக இருந்தார். 1857 டிசம்பரில் கேமரா சாமான்களை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று கோயில் கோயிலாகப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை விடாமல் எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். 1858-இல் எழும்பூர் மியூசியத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் படம் பிடித்தார்.

அந்தக் காலக் கேமராவுக்கு ஒரு படம் பதிய வெகுநேரம் ஆகும். மனிதன் என்றால் அசைவான், கண் சிமிட்டுவான். கல் அசையாது. ஆகவே போட்டோவுக்கு முதலில் வாய்த்த நல்ல 'மாடல்' நம் ஊர்ச் சிலைகள்தான்.

சிலைகளுக்குப் பிறகு மனிதர்களின் முறை வந்தது. 1885 முதல் 1908 வரை அதே மியூசியத்தின் தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1909-இல் வெளிவந்த, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகள் கொண்ட பெரிய நூல் அவருடையது. மனிதர்களை நிறுத்தி மண்டையின் நீளம், மூக்கின் அகலம் எல்லாவற்றையும் காலிப்பர் வைத்து அளந்து குறித்துக்கொண்டவர் அவர். இதற்கு முன்பே, 1869-இல், லாம்ப்ரே என்பவர் இங்கிலாந்தில் ஒரு வழி சொல்லியிருந்தார். ஒரு மரச்சட்டத்தில் பட்டு நூலால் இரண்டு அங்குலக் கட்டங்கள் கட்டி, அதன் முன்னால் ஆளை நிறுத்திப் படம் எடுத்தால் உடம்பின் அளவு தானாகவே தெரிந்துவிடும். அந்தமானில் போர்ட்மன் என்ற அதிகாரி அங்கிருந்த பழங்குடி மக்களைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்தி அப்படித்தான் எடுத்தார். நிற்பவரை யாரும் கேட்கவில்லை. கல்லைப் பதிவு செய்த மாதிரியே மனிதரையும் பதிவு செய்தார்கள்.

இனி நம் சிற்பிக்கு வருவோம். புஷ்பமாலா 1956-இல் பெங்களூரில் பிறந்தவர். பரோடா பல்கலைக்கழகத்தில் முறையாகச் சிற்பம் படித்தவர். எண்பதுகளில் சுடுமண்ணில் பெண் உருவங்கள் செய்து பெயர் வாங்கினார். தொண்ணூறுகளின் நடுவில் கேமரா பக்கம் திரும்பினார். ஆனால் அவர் கேமராவுக்குப் பின்னால் போகவில்லை. முன்னால் போய் நின்றார்!

2000 முதல் 2004 வரை, பெங்களூரில் வாழும் பிரிட்டிஷ் போட்டோகிராபர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து ஒரு பெரிய வேலை செய்தார். தலைப்பு, 'தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்: பழக்க வழக்கங்கள்'. வெள்ளைக்காரர் எழுதிய பழைய நூலின் தலைப்பு மாதிரி இருக்கிறதல்லவா? வேண்டுமென்றே வைத்ததுதான். பெண்கள் இடம்பெற்ற பத்துப் பிரபலப் படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தானே அந்தப் பெண்ணாக நின்றார். ரவிவர்மாவின் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, எழுபதுகளின் தமிழ்ப் பட ஸ்டில் ஒன்றில் சாட்டை ஏந்திய கதாநாயகி, போலீஸில் பிடிபட்டுப் பத்திரிகையில் வந்த பெண், எல்லாம் அவரே. பத்தில் ஒன்று, 19-ஆம் நூற்றாண்டின் அளவெடுப்புப் படத்தைப் பார்த்துச் செய்தது. அந்தப் பாணியிலேயே தனியாக ஒரு வரிசையும் எடுத்தார்கள்.

"இது மாறுவேடப் போட்டிதானே, இதில் சிற்பம் எங்கே?" என்று கேட்கலாம். மண் சிலை செய்கிறவர் முதலில் கம்பியாலோ குச்சியாலோ உள்கூடு கட்டுவார். மேலே மண் அப்புவார், வழிப்பார், அப்புவார். சுற்றி நடந்து நாலு பக்கமும் பார்ப்பார். புஷ்பமாலா செய்ததும் அதுவே. உள்கூடு அவர் உடம்பு. அதன் மேல் துணி, நகை, சாயம், பொய்முடி. பின்னால் வரைந்த திரை, கட்டி எழுப்பிய செட். ஒரு விரல் எப்படி மடங்கியிருக்கிறது என்பதுவரை மூலப் படத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அத்தனை வேலைக்கும் பிறகு கேமராவுக்கு ஒரு நொடி போதும். வேலை முடிந்ததும் சிலை கலைந்துவிடும், போட்டோ மட்டும் மிஞ்சும். இந்த ஏற்பாடுகளையும் படம் எடுத்து, தனி வரிசையாகவே சேர்த்துவிட்டார்கள். பட்டறையை மறைக்காத சிற்பி!

நம் வயதுக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஸ்டூடியோவில் தாஜ்மகால் வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்தி, "அசையாம, சிலை மாதிரி நில்லுங்க" என்று போட்டோக்காரர் சொன்னது யாருக்கு மறக்கும்? புஷ்பமாலா அந்த ஸ்டூடியோக்களையும் விடவில்லை. பம்பாயில் சினிமா நட்சத்திரங்களைப் படம் எடுத்த மூத்த கலைஞர் ஜே.எச். தக்கரின் இந்தியா போட்டோ ஸ்டூடியோவுக்கே போய், ஒன்பது ரசங்களுக்கும் தானே நின்றார். நமக்கு 1964-இல் 'நவராத்திரி' சிவாஜி ஞாபகம் வரும்.

ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. படித்த, பேர் பெற்ற ஒரு கலைஞர் கட்டத்துக்கு முன்னால் நிற்பதும், அன்று வேறு வழியில்லாமல் ஒரு பழங்குடிப் பெண் நின்றதும் ஒன்றாகுமா? ஆகாதுதான். இவர் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவளைப் படத்திலேயே விட்டுவிட்டார்கள். ஆனால் புஷ்பமாலா அங்கே போய் நின்றதால்தான் பழைய படத்தில் நாம் கவனிக்காத ஒன்று கண்ணில் படுகிறது. அந்தக் கட்டமும் காலிப்பரும்கூட ஒரு செட்தான். 'இது வெறும் உண்மை' என்று காட்டுவதற்காக யாரோ யோசித்துக் கட்டிய செட்.

2019-இல் சென்னையில் நடந்த போட்டோ பியனாலேயின் இரண்டாம் பதிப்பைக் கலை இயக்குநராக இருந்து நடத்தியவரும் இவரே. பல்கலைக்கழகத்தின் பழைய செனட் ஹவுஸில் படங்கள் வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஒரகடம், மறைமலை நகர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் எத்தனை அடையாள அட்டைக்கு நேர்முகமாக, சிரிக்காமல் நின்றிருப்போம்! 2021-இலிருந்து பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதை செல்போனில் முகம் காட்டியே நிரூபிக்கலாம். வசதிதான், மறுக்கவில்லை, வரிசையில் நிற்கும் கஷ்டம் மிச்சம். ஆனால் கேமரா நம் முகத்தை அளக்கிறது என்பதும், அளவு என்பது ஆள் அல்ல என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்த முறை மின்சார ரயிலில் எழும்பூர் போனால், பேரப்பிள்ளைகளுக்கு அமராவதிச் சிற்பங்களைக் காட்டுங்கள். அவற்றைச் செதுக்கியவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. தர்ஸ்டன் காலத்தில் அளவெடுக்க நின்றவர்களில் பெரும்பாலோர் பெயரும் தெரியாது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.