கப்பலில் வந்து மலையேறிய ரயில்

கொல்லத்துக்கு முதல் ரயில் என்ஜின் கப்பலில்தான் வந்தது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை வரைக்கும் 1903-லேயே தண்டவாளம் போட்டாகிவிட்டது. அதற்கு மேற்கே மலை. குகை வேலையும் பால வேலையும் முடிந்தபாடில்லை. அதனால் மலைக்கு அந்தப் பக்கம் ஓட வேண்டிய என்ஜினையும் பெட்டிகளையும் பாகம் பாகமாகத் தூத்துக்குடியில் கப்பலேற்றி, கொல்லத்தில் இறக்கி, மாட்டு வண்டியில் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். 1904 ஜூனில் கொல்லம்–புனலூர் ரயில் ஓடியது. நவம்பரில் மலைப்பாதையும் திறந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. 1956-ல்தான் நம் பக்கம் வந்தது.

தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர். நெடுங்காலம் அந்த ஒரு மீட்டர்ப் பாதைதான் சென்னையையும் கொல்லத்தையும் ஆரியங்காவுக் கணவாய் வழியே இணைத்தது. ஏற்றம் கடுமை என்பதால் முன்னால் ஓர் என்ஜின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளும்.

படமெடுக்க வந்தவர்கள் பெரும்பாலும் போய் நின்ற இடம் தென்மலைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவிலுள்ள 13 கண் பாலம். அந்தப் படங்களில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருங்கல் தூண்கள், கீழே நெடுஞ்சாலை, மேலே குட்டிப் பெட்டிகள். ரயிலின் இரண்டு முனையிலும் புகை எழுந்தால் அது அநேகமாக நீராவிக் காலம். கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் இதே கோணத்தில் இதே பாலத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஓர் ஏக்கம் வந்துவிட்டது. இதே பாதையின் இடப்பாளையம் நடைமேடையில் நின்றவர்கள் எங்கே? பகவதிபுரம் ஸ்டேஷன் வாசல் எங்கே?

வேறோர் ஊரில் கதை வேறு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 1962 செப்டம்பரில் டிராம் நின்றபோது, கடைசி ஊர்வலத்தைக் கொட்டும் மழையில் இரண்டரை லட்சம் பேர் நின்று பார்த்தார்கள். அதற்கு முன்பே டிராம் பித்தர்கள் புறநகர்த் தெருத்தெருவாக அலைந்து படமெடுத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது வண்டி மட்டும். கடைப் பலகையும் சன்னல் திரையும் தெருவைக் கடக்கும் பெண்ணும் தாமாகவே படத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன. இன்று அந்தத் தெருக்களைத் தேடுகிறவர்களுக்கு அந்த ஓரங்கள்தான் பொக்கிஷம்.

நமக்கு வாய்க்காமல் போனது அந்த ஓரம்தான். குற்றாலத்துக்கு ரயில் கிடையாது. சீசனுக்கு வருகிறவர்கள் தென்காசியில் இறங்கி, மீதி ஐந்து கிலோமீட்டரைக் குதிரை வண்டியில், பிறகு பஸ்ஸில், ஆட்டோவில் போனார்கள். சாரலில் நனைந்துகொண்டே போன அந்த ஐந்து கிலோமீட்டரை நான் பார்த்த ஆல்பங்களில் காணோம். அருவியடியில் தலைதுவட்டும் படம் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

கிடைக்கிற படத்துக்கு வருஷம் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. தென்காசித் தெருப் படமென்றால் முதலில் கோபுரத்தைப் பாருங்கள். காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம் நெடுங்காலம் சிதைந்து மொட்டையாக நின்றது. புதிதாகக் கட்டிக் குடமுழுக்குச் செய்தது 1990-ல். மொட்டைக் கோபுரம் தெரிந்தால் அதற்கு முந்தைய படம். அடுத்து தண்டவாளம். விருதுநகர் மார்க்கம் 2004-ல் அகலப் பாதையானதும், சில வருஷம் தென்காசியில் இரண்டு அகலமும் அக்கம்பக்கமாகக் கிடந்தன. அப்படி ஒரு படம் சிக்கினால் காலம் அந்தச் சில வருஷத்துக்குள் அடங்கிவிடும்.

மலைப்பாதையில் மீட்டர் கேஜ் 2010 செப்டம்பரில் நின்றது. கடைசி நாட்களில் கேமராவோடு வந்தவர்கள் ஏராளம்; அவர்களும் அநேகமாகப் பாலத்துக்கே போனார்கள். 2018-ல் அகலப் பாதையில் மறுபடி ரயில் ஓடியது. பழைய பாலத்தை இடிக்காமல் பலப்படுத்தி அதன் மேலேயே ஓட்டுகிறார்கள். பின்னால் தள்ளும் என்ஜின் இன்றைக்கும் தேவைப்படுகிறது. இப்போது தலைக்கு மேல் மின்கம்பியும் வந்துவிட்டது. இனி வருகிறவர்கள் வருஷம் சொல்ல அதுவும் ஓர் அடையாளம்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் குற்றால சீசன் படங்கள் இருந்தால், ஸ்டேஷன் வாசலில் மூட்டை முடிச்சோடு வண்டிக்குக் காத்து நின்ற அந்தச் சுமாரான படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்புறம் பென்சிலால் ஊரும் வருஷமும் எழுதி வையுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும்.