ஒரே பாட்டு, மூணு நீளம்: ஒரு சின்ன டிஸ்கோ சிடி கலெக்‌ஷன்

பிடிச்ச டிஸ்கோ பாட்டுகளை பத்து சிடிக்குள்ள சேர்க்கணும்னா எதை வாங்கறது? இதுதான் இன்னைக்கு எபிசோட். கேட்க ஷாப்பிங் கேள்வி மாதிரி இருக்கும். ஆனா டிஸ்கோவில் ஒரே பாட்டு மூணு, நாலு நீளத்தில் கிடைக்கும். நீங்க எந்த நீளத்தை எடுக்கறீங்களோ, அந்த வரலாறுதான் உங்க அலமாரியில் மிஞ்சும்.

1970. நியூயார்க்கில் டேவிட் மான்குசோ தன் வீட்டிலேயே நடன விருந்துகள் நடத்த ஆரம்பிக்கிறார். அதுக்கு ‘தி லாஃப்ட்’னு பேர். கறுப்பின மக்கள், லத்தீன் மக்கள், தன்பாலீர்ப்பாளர்கள்னு வெளியே ஒதுக்கப்பட்ட பலர் அங்கே நிம்மதியா ஆடினாங்க. ஆடறவங்களுக்கு பாட்டு நீளமா வேணும். ஆனா ரேடியோவுக்கான 7 இன்ச் தட்டில் மூணு, நாலு நிமிஷம்தான் நல்லா நிக்கும்.

இங்கதான் டாம் மோல்டன் வர்றார். ஒருநாள் ஸ்டுடியோவில் 7 இன்ச் வெற்றுத் தட்டு தீர்ந்துபோச்சு. இன்ஜினியர் ஹோசே ரோட்ரிகஸ் 10 இன்ச் தட்டில் வெட்டிக் கொடுத்தார். இடம் நிறைய இருந்ததால் வரிப்பள்ளங்களை அகலமா விட முடிஞ்சது. பேஸ் அதிகமானா ஊசி பக்கவாட்டில் அதிகமா ஆடும், அதுக்கு இடம் வேணும். இடம் கிடைச்சதும் சத்தம் கூடிச்சு, பேஸ் இறங்கிச்சு. அடுத்த படி 12 இன்ச் சிங்கிள்.

1976-ல் சால்சோல் நிறுவனம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பெர்சென்ட்’ பாட்டை 12 இன்ச்சில் கடைக்கு அனுப்பிச்சது. வால்டர் கிப்பன்ஸ் அதை 9 நிமிஷத்துக்கு மேல் நீட்டியிருந்தார். பொதுமக்கள் காசு கொடுத்து வாங்கின முதல் 12 இன்ச் சிங்கிள்னு இதைத்தான் சொல்வாங்க.

1982-ல் சிடி வருது. ஒரு தட்டில் 74 நிமிஷம். 9 நிமிஷப் பாட்டுன்னா எட்டு தாராளமா உட்காரும், நடுவில் தட்டைத் திருப்ப வேண்டாம். டிஸ்கோவுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி! ஆனா பல ‘பெஸ்ட் ஆஃப்’ சிடிகளில் பாட்டு எண்ணிக்கையைக் கூட்டறதுக்காக ரேடியோ கட்டையே போட்டுட்டாங்க. அதில் பாட்டு இருக்கும், டான்ஸ் ஃப்ளோர் இருக்காது.

சரி, என் பரிந்துரை. குளோரியா கேய்னரின் ‘நெவர் கேன் சே குட்பை’ (1975): முதல் பக்கத்தின் மூணு பாட்டை மோல்டன் இடைவெளியே இல்லாம கோர்த்திருப்பார். டோனா சம்மரின் ‘லவ் டு லவ் யூ பேபி’ ஆல்பம்: தலைப்புப் பாட்டே ஒரு பக்கம் முழுக்க, கிட்டத்தட்ட 17 நிமிஷம். ஷீக்கின் ‘சே ஷீக்’ (1978): அதில் வர்ற ‘லெ ஃப்ரீக்’, ஸ்டூடியோ 54 வாசலில் நைல் ராட்ஜர்ஸையும் பெர்னார்ட் எட்வர்ட்ஸையும் உள்ளே விடாததால் பிறந்த பாட்டு. கடைசியா, 12 இன்ச் மிக்ஸ்கள் உள்ள ஒரு சால்சோல் தொகுப்பு.

இவ்வளவு நுணுக்கமா ஏன் பார்க்கணும்? 1979 ஜூலை 12, சிகாகோவின் கொமிஸ்கி பார்க். ஒரு டிஸ்கோ தட்டு கொண்டுவந்தா 98 சென்ட்டுக்கு பேஸ்பால் டிக்கெட். சேர்ந்த தட்டுகளை மைதானத்தின் நடுவிலேயே வெடிவெச்சுத் தகர்த்தாங்க. கூட்டம் உள்ளே பாய்ஞ்சு, ரெண்டாவது ஆட்டமே நடக்கலை. அன்னைக்கு அங்கே வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன் கவனிச்சது: மக்கள் கொண்டுவந்த தட்டுகளில் டிஸ்கோவே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் இசையும் இருந்தது. அப்போ கோபம் தாளத்து மேல மட்டும்தானா?

அதே லாரன்ஸ் 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸோட சேர்ந்து ‘ஆன் அண்ட் ஆன்’ உருவாக்கினார். ஹவுஸ் இசையின் முதல் தட்டுகளில் ஒண்ணு அது. வெடிச்ச ஊரிலேயே டிஸ்கோ வேற பேரில் எழுந்து வந்துடுச்சு.

அதனால சிடி வாங்கும்போது முன் அட்டையைப் பார்த்து மயங்காதீங்க. பின்னாடி திருப்பி, பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கற நிமிஷத்தைப் பாருங்க. 3:30-ன்னு இருந்தா அது ரேடியோவுக்கு. 9-ஐத் தாண்டினா, அது ஆடினவங்களுக்கு. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.