மண்ணெண்ணெய்ப் புகையும் ஸ்டீம்பங்கும்: எங்கள் இயந்திரங்களுக்கு யார் வேடம் கட்டுவது?

கிளிநொச்சிப் பக்கத்துச் சனசமூக நிலையக் கலைவிழாக்களில் பதினைந்து வருடங்களுக்கு மேலாக நான் ஒரே ஒரு தனிநடிப்பைத்தான் செய்து வருகிறேன். மேடையில் மோட்டார் சைக்கிள் கிடையாது. நான்தான் மோட்டார் சைக்கிள். நான்தான் அதன் சொந்தக்காரர். மண்ணெண்ணெயில் ஓடும் எம்.டி. 90 ஒன்றைக் காலையில் இயக்கப் படாதபாடுபடும் ஓர் ஆசிரியரின் பத்து நிமிடக் கதை அது. தொண்ணூறுகளில் இங்கே வாழ்ந்தவர்கள் முதல் உதையிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அண்மைக் காலமாக முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் சிரிப்பதில்லை. “ஏன் மாமா அவர் பெற்றோல் அடிக்கேல்ல?” என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி.

ஸ்டீம்பங்க் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது இங்கிலாந்தில். அக்காவிடம் போயிருந்தபோது ஓகஸ்ட் மாத விடுமுறை வார இறுதி ஒன்றில் லிங்கன் நகரத்துக்குக் கூட்டிப் போனார். கோட்டையையும் பேராலயத்தையும் சுற்றிய மேட்டுத் தெருக்கள் முழுவதும் உயரத் தொப்பியும் நீள அங்கியும் பித்தளை விளிம்பு வைத்த வெல்டிங் கண்ணாடியுமாக ஆட்கள். ஒருவர் முதுகில் செப்புக் குழாய்களால் செய்த ஏதோ ஒரு கொதிகலன். இன்னொருவர் கையில் பற்சக்கரங்கள் பதித்த குடை. 2009ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் ‘அசைலம்’ என்ற விழா அது. ஸ்டீம்பங்க் ஆட்களின் ஒன்றுகூடல்களில் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நீராவி இயந்திரமே உலகை ஆண்டுகொண்டிருக்க, மின்னணுவும் பிளாஸ்ரிக்கும் வராமலே போயிருந்தால் எதிர்காலம் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனைதான் ஸ்டீம்பங்க். ஜூல்ஸ் வேர்ண், எச்.ஜி. வெல்ஸ் ஆகியோரின் கதைகளே அதன் ஊற்று. அமெரிக்க எழுத்தாளர் கே.டபிள்யூ. ஜீட்டர் 1987இல் ‘லோகஸ்’ சஞ்சிகைக்கு எழுதிய கடிதமொன்றில், தானும் தன் நண்பர்களும் எழுதும் கதைகளுக்குப் பாதி விளையாட்டாக இந்தப் பெயரைச் சூட்டினார். 1990இல் வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்ரேர்லிங்கும் எழுதிய ‘தி டிஃபரன்ஸ் எஞ்சின்’ நாவல் அதைப் பரவலாக்கியது. பிறகு அது புத்தகத்தை விட்டு இறங்கி உடுப்பாகவும் பட்டறை வேலையாகவும் இசையாகவும் மாறியது. நியூசிலாந்தின் ஓமரு என்ற சிறு நகரம் அதையே தன் அடையாளமாக்கிக் கொண்டிருக்கிறது.

இந்தக் கூட்டத்தாரிடம் எனக்குப் பிடித்தது அவர்களின் பகடி. தங்களைத் தாங்களே நக்கலடிக்காத ஸ்டீம்பங்க் ஒன்றுகூடல் இல்லை என்றே சொல்லலாம். ‘பேராசிரியர் எலிமென்ரல்’ என்ற பெயரில் ஒரு றாப் பாடகர் வெள்ளைக்காரத் துரைமாரின் சோளாத் தொப்பியோடு வந்து, தேநீரைப் பற்றிக் காவியம் பாடுவதுபோலப் பாடுவார். எதிலும் நாலு பற்சக்கரத்தை ஒட்டிவிட்டு ஸ்டீம்பங்க் என்று விற்பவர்களைக் கேலி செய்யும் பாட்டொன்று 2011இல் வந்தது. அதை அதிகம் கொண்டாடியவர்கள் ஸ்டீம்பங்க்காரர்கள்தான்.

எல்லாவற்றிலும் உச்சம் தேநீர்ச் சண்டை. இரண்டு பேர் மேசையில் எதிரெதிரே இருப்பார்கள். ஆளுக்கொரு கோப்பை சுடு தேநீர், ஆளுக்கொரு பிஸ்கற். நடுவர் கட்டளையிட்டதும் பிஸ்கற்றை ஐந்து எண்ணும்வரை தோய்த்து வெளியே எடுக்கவேண்டும். பிறகு பொறுமைதான் ஆயுதம். ஊறிய பிஸ்கற் உடைந்து விழுமுன் அதைச் சிந்தாமல் வாயில் போடவேண்டும். கடைசியாகச் சாப்பிட்டவர் வெற்றியாளர். பிஸ்கற் மேசையில் விழுந்தாலோ சட்டையில் விழுந்தாலோ தோல்வி. சுற்றி நிற்பவர்கள் மரண யுத்தம் பார்ப்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். நடுவர் நீதவானைப் போல முகத்தை வைத்திருப்பார். நானும் வயிறு நோகச் சிரித்தேன்.

சிரித்து முடிந்த பிறகுதான் அந்தக் கோப்பையைப் பார்த்தேன். ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் போட்ட நாளிலிருந்து அந்தத் தேயிலையைக் கிள்ளிய கைகள் யாருடையவை? 1958லும் 1977லும் அடிபட்டு மலையை விட்டு இறங்கியவர்களில் எத்தனை குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறின? என் வகுப்பில் பாதிப்பேர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள். விக்ரோறியா மகாராணியின் காலம் அவர்களின் பூட்டனுக்கும் பூட்டிக்கும் உடுப்புப் போட்டு விளையாடும் காலமாக இருக்கவில்லை. வன்னிக்கும் அப்படித்தான். பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுப் பகுதியில் அவன் தோற்கடிக்கப்பட்டதை ஆங்கிலேயர் கல்லில் வெட்டி நட்டார்கள். அவர்களின் நிர்வாகி ஜே.பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு கைந்நூலே எழுதினார். அவர்களின் ஏடுகளில் இது காய்ச்சலும் காடுமான ஊர்.

இந்தக் கேள்வியைக் கேட்பவன் நான் மட்டுமல்ல. வியட்நாமிய வழிவந்த அமெரிக்கரான டயானா ஃபோ, ஐரோப்பியர் அல்லாதவர்களின் பார்வையில் ஸ்டீம்பங்க் எப்படி இருக்கவேண்டும் என்று நீண்ட காலம் எழுதியவர். வேடம் கட்டி மேடையேறியும் காட்டியவர். எங்களுக்கு இன்னும் கிட்டவான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. வங்காளத்து ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையில் பெண்கள் ஆளும் நாட்டில் பறக்கும் வண்டிகள் ஓடும், வெயிலைப் பிடித்துச் சமைப்பார்கள், ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருப்பார்கள். அது முதலில் அச்சானது சென்னையில், ‘இந்தியன் லேடீஸ் மாகசின்’ இதழில், 1905இல். கொழும்பிலிருந்து வன்னிக் காட்டை ஊடறுத்து யாழ்ப்பாணம்வரை நீராவி ரயில் முழுமையாக ஓடத்தொடங்கியதும் அதே 1905இல்தான்.

அந்த ரயில்பாதைக்கு என்ன நடந்தது என்பது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1990இல் சண்டை மீண்டும் தொடங்கியதும் ரயில் வவுனியாவோடு நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. மின்சாரம் போனது. பெற்றோல், சீமெந்து, உரம், பற்றறி என்று தடைப்பட்டியல் நீண்டது. தாண்டிக்குளத்துச் சோதனையில் ஒரு சோடி ரோர்ச் பற்றறி அகப்பட்டாலே விசாரணைதான். மின்சாரம் வராமலே போன உலகம் எப்படி இருக்கும் என்று மற்றவர்கள் கற்பனை செய்து நாவல் எழுதிய அதே ஆண்டில் நாங்கள் அதற்குள் குடிபோனோம்.

பெற்றோல் இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டுவது எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்காக எழுதிவைக்கிறேன். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலகுவில் ஆவியாகாது, ஆகவே பற்றாது. அதனால் முதலில் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். பெற்றோலோ தங்கம். கண்மருந்துப் போத்தல் அளவான ஒரு சின்ன பிளாஸ்ரிக் போத்தலில் அதை அடைத்து மேற்சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். நாங்கள் ‘சூப்பி’ என்போம். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பீச்சி, உதைத்து, இயந்திரம் பிடித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெய் தன்பாட்டுக்குப் போகும். இடையில் நின்று ஆறிவிட்டால் மறுபடி சூப்பி. பிளக்கில் கரி பிடிக்கும், அதைக் கழற்றித் தேய்க்க ஒரு துண்டு மண்கடதாசியும் பையில் இருக்கும். பின்னால் வெள்ளைப் புகை ஒரு திரைச்சீலை மாதிரி வரும். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய இங்கிலாந்துக் கார்களின் இயந்திரங்களில் அமுக்கம் குறைவு, அவை மண்ணெண்ணெயை ஓரளவு பொறுத்துக்கொண்டன. மற்ற நாடுகளில் நூதனசாலைக்குப் போகவேண்டிய கார்கள் இங்கே கலியாண மாப்பிள்ளையையும் பிள்ளைத்தாச்சியையும் ஏற்றிக்கொண்டு ஓடின.

அடுத்தது சைக்கிள் டைனமோ. ஆறு வோல்ட், மூன்று வாட். அதை றேடியோவோடு பொருத்த இடையில் ஒரு டயோட் வேண்டும், இல்லாவிட்டால் உறுமல்தான் கேட்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை. எங்கள் வீட்டில் சுற்றுவது நான். தூங்கி வழிந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கி மறைந்துவிடும், உடனே தலையில் ஒரு குட்டு. கசெற் போட்டால் இன்னும் மோசம். கை தளர்ந்தால் சீர்காழி கோவிந்தராஜன் நோயாளி மாதிரி இழுப்பார். முடிந்துபோன பற்றறியை உப்புத் தண்ணீரில் அவித்து, வெயிலில் காயவைத்து, அரை மணிநேரம் உயிர்கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து அதில் கொஞ்சமாக எண்ணெயை ஊறவிட்டு ஒரு கம்பியில் திரியைத் தூக்கிப் பிடித்த விளக்கில்தான் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன்.

ஸ்டீம்பங்க் பட்டறைக்காரனின் பற்சக்கரம் சுழலாவிட்டாலும் அழகாக இருந்தால் போதும். எங்களுடையது அழகில்லாவிட்டாலும் சுழன்றாகவேண்டும். இதனால் அவர்களைக் குறைவாகச் சொல்லவில்லை. அலங்காரத்துக்கு இடமிருப்பதும் ஒரு கொடுப்பினைதான்.

பகடியும் இங்கே பஞ்சமாக இருக்கவில்லை. எங்கள் கூத்துகளிலும் இசை நாடகங்களிலும் ராசாவுக்கு இல்லாத சுதந்திரம் பபூனுக்கு உண்டு. கதை புராணமாக இருந்தாலும் அவன் மட்டும் அன்றைய விலைவாசி பேசலாம். தடைக் காலத்தில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்த ஒரு நாடகத்தில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு உப்புத் தண்ணீரில் விளக்கெரிவதைச் சொல்லி, “எங்கட ஊரிலை கூப்பன் இல்லாமல் விளக்கெரிக்கிறது அம்மாள் மட்டுந்தான்” என்றான் பபூன். கும்பிட்டபடியே சிரித்த கூட்டம் அது.

தனிநடிப்பில் என் குரு, அவருக்கே தெரியாமல், கே.எஸ். பாலச்சந்திரன். பஸ் கொண்டக்ரர் ஒருவரைத் தனியாளாக மேடையில் நிறுத்திய அவருடைய ‘அண்ணை றைற்’ இலங்கைத் தமிழர் இருந்த இடமெல்லாம் போனது. 2014இல் கனடாவில் காலமாகும்வரை ஈழத்து நகைச்சுவையின் பெரிய பெயர்களில் ஒன்று அவருடையது. ஒரு மனிதன் வாயாலும் உடம்பாலும் ஒரு முழு பஸ்ஸை ஓட்டலாம் என்று கண்ட பிறகுதான் ஒரு மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார்க்கலாம் என்ற துணிவு எனக்கு வந்தது.

ஒரு விடயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. போர் முடிந்து மூன்று வருடமிருக்கும், முன்பள்ளி ஒன்றின் நிகழ்வில் இதை நடித்தேன். மண்ணெண்ணெய் இயந்திரம் புகைபோக்கியில் வெடிக்கும் இடம் அதில் உண்டு. பெரியவர்கள் விழுந்து சிரிக்கும் இடம். நான் வாயால் பெரிதாக ‘டமார்’ என்றேன். முன்வரிசையில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று கதிரைக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டது. அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, சரியாகப் படுத்திருந்தது. யாரோ சொல்லிக்கொடுத்த முறைப்படி. தாய் வந்து தூக்கும்வரை நான் மேடையில் உதைத்த காலோடு நின்றேன். அன்றைக்கே அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் இயந்திரம் தும்மும். முன்னைய அளவுக்குச் சிரிப்பு வராது, பரவாயில்லை.

வன்னியில் இயந்திரங்களே காட்சிக்கு வைக்கப்படவில்லை என்று சொல்லமுடியாது. 1991 சண்டையில் இரும்புத்தகடு அடித்து முன்னேறிய புல்டோசர் ஆனையிறவில் ஏ9 வீதியோரம் நிற்கிறது. புலிகள் உள்ளூரில் கட்டிய நீர்மூழ்கிகள் போருக்குப் பின் புதுக்குடியிருப்பில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கிளிநொச்சியில் விழுந்துகிடந்த தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நினைவுப்பொருள் கடையே இருந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து படம் எடுத்தார்கள். எல்லாமே வென்றவர்கள் தோற்றவர்களைக் காட்டும் காட்சி. டயோட் பூட்டிய ஒரு சைக்கிளையோ ஒரு சூப்பியையோ ஒரு ஜாம் போத்தல் விளக்கையோ நான் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் பார்த்ததில்லை. சண்டை பிடிக்காமல், சும்மா உயிரோடு இருப்பதற்காக மூளையைக் கசக்கிய சனத்தின் இயந்திரங்கள் அவை. பெரும்பாலானவை 2009இல் வீதியோரத்தில் கைவிடப்பட்டன. மிஞ்சியவற்றைப் பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் கொண்டுபோனார்.

லிங்கனில் ஒரு கிழவர், பித்தளைக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, அடுத்த முறை வந்தால் என்ன வேடம் போடுவாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சூப்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காபரேற்றரின் எந்தப் பக்கத்தால் பீச்சினீர்கள் என்று கேட்டார், கொப்பி ஒன்றை எடுத்துப் படம் கீறச் சொன்னார். இருபது நிமிடம் கீறினோம். அந்த ஆள் உண்மையான ஆள்.

ஊர் திரும்பியபின் பரந்தன் பக்கத்துக் கராஜ் ஒன்றில் கோழி அடைபடுத்திருந்த எம்.டி. 90 ஒன்றைப் பேரம்பேசி வாங்கினேன். கோழியை இடம்மாற்றவே இரண்டு கிழமை எடுத்தது. மருந்துக்கடையில் கண்மருந்து வாங்கி, மருந்தை ஊற்றிவிட்டுப் போத்தலைக் கழுவி வைத்தேன். இந்த வருடக் கலைவிழாவில் மேடைக்கு உண்மையான மோட்டார் சைக்கிள் வரும், உதைக்க விரும்பும் பிள்ளைகள் உதைக்கலாம் என்று அறிவித்தாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் வெள்ளோட்டம். நாலு சொட்டு, ஏழாவது உதையில் பிடித்தது. முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பெடியன் வாளியும் தண்ணீருமாக ஓடிவந்தான்.

“மாமா, தள்ளி நில்லுங்கோ, பத்துது!”