கவிழ்ந்த படகில் திரும்ப ஏறுதல்: கட்டுமரம் முதல் கயாக் வரை

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு இன்று பிச்சாவரம், காரங்காடு போன்ற அலையாத்திக் காட்டு நீர்நிலைகளில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடைக்கிறது. எப்படித் துடுப்புப் போடுவது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். கவிழ்ந்தால் எப்படித் திரும்ப ஏறுவது என்பதுதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. இத்தனைக்கும் அந்தப் பாடம் நம் கடற்கரையில் மிகப் பழையது.

கயாக்கின் தாயகம் ஆர்க்டிக் பகுதி. இனுயிட் மக்கள் சட்டத்தின் மீது சீல் தோல் போர்த்தி அதைக் கட்டினர். உறைநிலை நீரில் நீந்திப் பிழைக்க வழியில்லை. ஆகவே, கவிழ்ந்தவர் படகை விட்டு வெளியேறாமல் துடுப்பின் வீச்சாலேயே நிமிர்ந்துகொண்டார். இந்த உருளலை 1927-இல் ஆஸ்திரியாவின் எடி ஹான்ஸ் பவ்லாட்டா கற்றுத் தேர்ந்தார். கிரீன்லாந்தில் இனுயிட்டுகளிடமே பயின்றவர் ஆங்கிலேயரான ஜினோ வாட்கின்ஸ். 1932 ஆகஸ்டில் தனியாகச் சீல் வேட்டைக்குப் போன அவருடைய கயாக் மட்டுமே மிதந்து கிடைத்தது. வித்தை தெரிந்தவருக்கே இப்படியென்றால், தனியே போவது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள்.

நம் மீனவர் கண்ட வழி வேறு. கட்டுமரத்தில் உள்ளறை கிடையாது. கயிற்றால் பிணைத்த மரங்களின் இடுக்கு வழியே நீர் வடிந்துவிடும், மூழ்காது. துறைமுகம் இல்லாத பழைய சென்னையில், தொலைவில் நின்ற கப்பல்களுக்குக் கட்டுமரக்காரர்கள் கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக் கொண்டுபோனார்கள். அலை தூக்கி எறிந்தால் நீந்திவந்து மீண்டும் மரத்தில் தொற்றிக்கொள்வார்கள். மசூலாப் படகுகள் கவிழ்ந்தபோது பயணிகளை மீட்டதற்காக அவர்களுக்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. 1970-களில் கலிபோர்னியாவில் உருவான, மேலே அமர்ந்து செல்லும் கயாக்கிலும் நீர் வடியத் துளைகள் உண்டு. சுற்றுலாப் பயணி ஏறும் கயாக், இனுயிட் படகைவிடக் கட்டுமரத்துக்கே நெருங்கிய உறவு என்பது என் கருத்து.

ஏறும் முறை எளிது. முதலில் படகைப் பிடியுங்கள், துடுப்பையும் விடாதீர்கள். காற்று வெற்றுப் படகை நீந்துபவரைவிட வேகமாகத் தள்ளிப் போகும். கரை பக்கம்தானே என்று படகை விட்டு நீந்தத் தொடங்குவதே பெரிய தவறு. பிறகு எதிர்ப்பக்க விளிம்பை எட்டிப் பிடித்து இழுத்துப் படகை நிமிர்த்த வேண்டும். அடுத்ததில்தான் பலர் தோற்கிறார்கள்: கால்கள் படகுக்கு அடியில் போய்விட, செங்குத்தாகத் தொங்கியபடி ஏறப் பார்ப்பார்கள், படகு மறுபடி அவர்கள் மேலேயே கவிழும். கால்களைப் பின்னால் நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைத்து, வயிறு படகின் குறுக்கே படியுமாறு சறுக்கி ஏற வேண்டும். மேலே ஏறியதும் புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே வைக்க வேண்டும். உள்ளே அமரும் வகைக் கயாக்கில் நீர் நிறைந்துவிடும். இன்னொருவர் தம் படகை ஒட்டி நிறுத்திப் பிடித்துக்கொண்டால்தான் புதியவரால் ஏற முடியும்.

இதைக் கரும்பலகையில் படம் போட்டுக் கற்பிக்க முடியாது. முப்பது ஆண்டு சாக்பீஸ் பிடித்தவன் சொல்கிறேன். உயிர்காப்பு உடையை இறுக்கிக் கட்டி, மார்பளவு நீரில், பயிற்சியாளர் அருகிருக்க, வேண்டுமென்றே இரண்டு மூன்று முறை கவிழ்த்து ஏறிப் பார்க்க வேண்டும். எங்கள் பழனிக்கு மேலே, 1863-இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கிய கொடைக்கானல் ஏரியைப் போன்ற குளிர்ந்த நீரில் கைவிரல்கள் சீக்கிரம் மரத்துப் போகும். அங்கே முதல் முயற்சியிலேயே ஏறிவிடப் பழகியிருக்க வேண்டும்.